சஷ்டி விரதத்துக்கு நான் அடித்த பூசணிப்பால்

லண்டன் வால்தம்ஸ்டோவில் என்னைத் தெரியாத தமிழன் ஒருவன் இருந்தால், அவன் மரக்கறி வாங்காத தமிழனாகத்தான் இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஜெர்மனியில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன், பிறகு கிழங்கு உரித்தேன், பிறகு லண்டனுக்கு வந்து ஒரு பழக்கடையைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்தினேன். இன்றைக்கும் ஒரு மாம்பழத்தைக் கையில் எடுத்தால் அது நாளைக்குப் பழுக்குமா நாளையின்றைக்குப் பழுக்குமா என்று சொல்லிவிடுவேன். பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து உள்ளே நாரா மாவா என்று சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் வந்து சொல்வது?

ஆனால் எழுத வந்தது கடையைப் பற்றி அல்ல. இந்த முறை இலை கொட்டத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு நான் அடிக்கிற ஸ்மூதியைப் பற்றி. பூசணி, பேரிக்காய், அப்பிள், பால், தயிர், கறுவாப்பட்டை. இப்போது கடைக்கு வருகிற பெண்கள் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, உங்கட அந்தப் பால் எப்பிடி அடிக்கிறது?" என்று கேட்கிறார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது எப்படிப் பிறந்தது என்பதை மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன்.

என் மனைவி கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறவள். இந்த நாட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து ஒன்றையும் விட்டதில்லை. பின்னேரம் மட்டும் பாலும் பழமும். கடைசி நாள் ஆர்ச்வேயில் முருகன் கோயிலுக்குப் போய் சூரன்போர் பார்த்தால்தான் அவளுக்கு விரதம் முடிந்த மாதிரி. சூரனுடைய ஒவ்வொரு தலையாக விழ வேண்டும், கடைசியில் மாமரம் வர வேண்டும், சேவல் வர வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் முதல்முறை பார்க்கிறவள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பாள்.

போன வருஷம் அது நடக்கவில்லை. சூரன் வெளிக்கிட்டு வருகிற நேரம் அவளுக்குத் தலை சுற்றியது. இப்போது அவளுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. நான் தாங்கிக்கொண்டு வந்து செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருத்தினேன். கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. யாரோ ஒரு பிள்ளை ஒரு ஜூஸ் பெட்டி தந்தது. அவள் உறிஞ்சிக் குடித்து முடிக்கும்போது உள்ளே மேளம் நின்றுவிட்டது.

"விழுந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

"விழுந்திட்டுது போல."

"சேவல்?"

அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தவன் நான் எங்கே சேவலைப் பார்த்தேன்? காரில் வரும்போது வால்தம்ஸ்டோ வரைக்கும் அவள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அது கோபம் இல்லை. கோபம் என்றால் எனக்குத் தெரியும், அதைச் சமாளிக்கவும் தெரியும்.

இந்த வருஷம் சஷ்டி வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிற பார்மசிஸ்ட். படித்தவள். படிக்க வைத்தவன் நான். குசினி மேசையில் இருந்து தாயின் மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கதையைத் தொடங்கினாள்.

"அம்மா, உது வெறும் வயித்தில போடுற குளுசை இல்லை. காலமை ஏதாவது வடிவாய்ச் சாப்பிட்டுப்போட்டுத்தான் போட வேணும்."

"விரதத்தில காலமைச் சாப்பாடோ? நல்ல கதை."

"அப்ப இந்த முறை விரதம் இல்லை. டொக்டரும் அதைத்தான் சொன்னவர்."

"டொக்டர் என்ன, முருகனோ?"

"போன வருஷம் செருப்புக்குப் பக்கத்தில இருந்ததை மறந்திட்டீங்களோ?"

மனைவி எழும்பிப் போய் ஏற்கெனவே கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவத் தொடங்கினாள். அவளுக்கு விரதம் போனால் சூரன்போரும் போச்சு. விரதம் பிடிக்காமல் வேடிக்கை பார்க்கப் போகிற ஆள் அவள் இல்லை. இரண்டாவது வருஷமும் போனால் அவள் எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் கார்ப் பயணத்தை இன்னொரு முறை ஓட்ட எனக்கு ஏலாது.

"இஞ்சாரும்," என்றேன். "பாலும் பழமும் விரதத்துக்கு ஆகும்தானே?"

"பின்னேரம் ஆகும். காலமை பல்லில ஒண்டும் படக் கூடாது. நான் அப்பிடித்தான் பிடிச்சு வாறன்."

"பல்லில படாமல் உள்ள போனால்?"

"எப்பிடிப் போகும்? மூக்காலயோ?"

"குடிச்சால்?"

அவள் தண்ணீரை நிறுத்திவிட்டு யோசித்தாள். "பால் குடிக்கலாம். அது சாப்பாட்டில சேராது."

"வெறும் பால் காணாது," என்றாள் மகள். "நார்ச்சத்து வேணும், புரதம் வேணும். வாழைப்பழத்தை அள்ளிப் போட்டுச் சீனியை ஏத்தவும் கூடாது."

"பிள்ளை, நீ கேட்டது எல்லாம் ஒரு கிளாசுக்குள்ள வரும். கொம்மாவின்ர பல்லிலயும் படாது. நான் செய்யுறன்."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தேத்தண்ணிக்குச் சீனி எங்க கிடக்கெண்டு இண்டைக்கும் என்னைக் கேக்கிற மனிசன்!"

"ஜெர்மனியில பெரிய ஹோட்டல் குசினியில நிண்டனான் நான்."

"நிண்டனீங்கள்தான். கோப்பை கழுவிக்கொண்டு."

இரண்டு பேரும் தங்கள் தங்கள் சட்டத்தைச் சொன்னார்கள். மகள் காலையில் வேலைக்குப் போக முன்னம் வீடியோவில் அழைப்பாள். அம்மா குடிக்கிறதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் விரதம் அன்றோடு நிற்கும். மனைவியின் சட்டம் அதைவிடக் கடுமை. அரிசி, ஓட்ஸ் என்று தானியம் எதுவும் சேரக் கூடாது. ஒரு கட்டியும் இருக்கக் கூடாது, கட்டி இருந்தால் பல் தேடும். நான் தலையில் தண்ணி வார்த்து முழுகாமல் எதையும் தொடக் கூடாது. எல்லாம் சுத்த சைவமாக இருக்க வேண்டும்.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார்கள்.

ஓட்ஸ் போனதால் தடிப்புக்கு என்ன செய்வது? பூசணிதான். இதில் மற்றவர்கள் விடுகிற பிழையை நான் விடமாட்டேன். அந்த நேரம் எல்லாக் கடை வாசலிலும் பேய் முகம் செய்யக் கண்ணும் மூக்கும் வெட்டுகிற பெரிய செம்மஞ்சள் பூசணி குவிந்து கிடக்கும். பார்க்க அழகு, உள்ளே வெறும் தண்ணீர். நான் மொத்தச் சந்தையில் சாம்பல் நிறத் தோலோடு கிடந்த சின்னப் பூசணியை எடுத்தேன். யாரும் திரும்பிப் பார்க்காத காய். வெட்டினால் உள்ளே முட்டை மஞ்சள் நிறம், கத்தி இறங்க மாட்டேன் என்று நிற்கும். அதுதான் மாப்பூசணி.

விரதம் தொடங்க முன்னமே, ஒத்திகைக்கு, அதை அவித்து அடித்தேன். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புப் போட மறந்த கறி," என்றாள். உண்மைதான். அவித்தால் பூசணிக்குக் கறிப் புத்தி வந்துவிடுகிறது. அப்போதுதான் ஜெர்மனிக் குசினி நினைவுக்கு வந்தது. அங்கே பெரிய சமையல்காரன் பூசணியையும் அப்பிளையும் ஒரே தட்டில் பரப்பி ஓவனில் வைப்பான். ஓரம் கறுத்துவரும்போது அந்த வாசம் கோப்பை கழுவுகிற மூலை வரைக்கும் வந்து என் வயிற்றைக் கிள்ளும். கோப்பை கழுவினாலும் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கழுவினவன் நான்.

அடுத்த நாள் அப்படியே சுட்டேன். பூசணி, அப்பிள், தோல் சீவிய பேரிக்காய். ஆறவிட்டு, பாலும் புளிக்காத தயிரும் விட்டு அடித்தேன். நிறம் வந்துவிட்டது. வாசம் இல்லை.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடை இருக்கிறது. இலை மஞ்சளாகத் தொடங்கியதும் அங்கே பூசணி வாசக் கோப்பி என்று பலகையில் எழுதிப் போடுவார்கள், சனம் வரிசையில் நிற்கும். ஒரு நாள் நானும் வாங்கி மணந்து பார்த்தேன். அதில் எங்கே பூசணி? கறுவா, சாதிக்காய், கராம்பு, இஞ்சி. எங்கள் வீட்டுச் சரக்குப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசம்! அதற்கு இலையுதிர் காலம் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். கெட்டிக்காரர். நானாக இருந்தாலும் அப்படித்தான் விற்றிருப்பேன். வீட்டுக்கு வந்து கறுவாவைப் பொடித்துப் போட்டேன், சாதிக்காயைத் துருவியில் ஒரு இழுப்பு இழுத்தேன், சுக்குத்தூள் ஒரு நுள்ளு. கராம்பு போட்டால் பல்லுவலி மருந்து மணக்கும், அதை விட்டேன்.

மகள் அன்று பின்னேரம் வந்து குடித்தாள். கிளாசைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, சீனி எவ்வளவு போட்டனீங்கள்?"

"ஒரு மணியும் இல்லை. பேரிக்காய் பழுத்த பதம் அது. அதை அறியத்தான் நான் இருக்கிறன்."

"உண்மையா நல்லாயிருக்கு."

மனைவி நாக்கை அண்ணத்தில் தேய்த்துத் தேய்த்துக் கட்டி தேடினாள். கிடைக்கவில்லை. "குடிக்கலாம்," என்றாள். அவள் வாயில் அது பெரிய சான்றிதழ்.

ஒரே ஒரு குறை. எங்கள் கிரைண்டரின் சின்ன ஜாருக்கு மூடி சரியில்லை. கடைசியாக அடித்தபோது உள்ளே இருந்த ரப்பர் வளையம் அறுந்து, பூசணிப்பால் முகட்டுக்குப் பாய்ந்தது. அந்த மஞ்சள் பொட்டு இன்றைக்கும் அங்கே இருக்கிறது. வெள்ளை அடிக்க நான் விடவில்லை. வளையத்தைக் குப்பையில் போட்டேன், புது மூடி வாங்க மறந்துவிட்டேன். மறந்ததற்குக் காரணம், அந்தக் கிழமை முழுக்கக் கடையில் என் பூசணிப்பாலின் புகழைச் சொல்லவே எனக்கு நேரம் போதவில்லை.

விரதத்துக்கு முந்தின நாள் மனைவி குசினியைக் கவிழ்த்துக் கழுவினாள். மீனும் இறைச்சியும் சமைக்கிற மச்சச் சட்டி, கரண்டி, வெட்டுப் பலகை எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பின்வளவு ஷெட்டில் கொண்டுபோய் வைத்தாள். உள்ளே மிஞ்சியது சைவச் சாமான் மட்டும். அந்த நாட்களில் நானும் சைவம்தான். விரதம் பிடிக்கமாட்டேன், ஆனால் மச்சம் தொடமாட்டேன்.

விரதத்தின் முதல் நாள் காலை. வெளியே இன்னும் இருட்டு. முழுகிவிட்டு, வேட்டி கட்டி, திருநீறு பூசி, குசினிக்குள் இறங்கினேன். சுட்ட பூசணி பெரிய டப்பா நிறைய பிரிட்ஜில் தயாராக இருந்தது. சின்ன ஜாரை எடுத்து மூடியைப் பார்த்தேன். அப்போதுதான் வளையத்தின் நினைவு வந்தது. முழுகிய உடம்போடு இன்னொரு முறை முகட்டுக்குப் பால் பாய விட முடியுமா? யோசித்தேன். பெரிய ஜார் ஒன்று இருந்ததே, நல்ல இறுக்கமான மூடியோடு? டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கிளறி எடுத்து வந்தேன். சவுக்காரம் போட்டுக் கழுவினேன், கொதிதண்ணி விட்டேன், தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தேன். முகம் தெரிந்தது. அப்படிக் கழுவ லண்டனில் வேறு ஆள் கிடையாது, அது என் பழைய தொழில்.

பால் பட்டு மாதிரி வந்தது. மேலே கறுவாத்தூள் தூவி, உயரமான கிளாசில் விட்டு, சாமி அறை வாசலில் கொண்டுபோய் நின்றேன். மனைவி விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். கிளாசை வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"இஞ்சருங்கோ. சின்ன ஜாருக்கு மூடி சரியில்லையெல்லோ. எதில அடிச்சனீங்கள்?"

"பெரிய ஜாரில."

"பெரிய ஜார் ஷெட்டிலயெல்லோ கிடந்தது."

"கிடந்தது. எடுத்தனான். கண்ணாடி மாதிரிக் கழுவிப்போட்டுத்தான் அடிச்சனான்."

"ஐயோ முருகா! அது மாசி இடிக்கிற ஜார்! போன கிழமையும் மாசிச் சம்பல் அரைச்சனான் அதில!"

மாசி என்பது கட்டை மாதிரிக் காய்ந்த மீன். அதை இடிக்கிற பாத்திரத்தில் வேறு எதைச் செய்தாலும் எங்கள் வீடுகளில் அது மச்சம்தான். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் கழுவுகிறபோது என் கண்ணுக்குத் தெரிந்தது ஊத்தை இல்லாத ஜார், மனைவியின் கண்ணுக்குத் தெரிந்தது மீன்.

"மணந்து பாரும். மீன் மணக்குதோ?" என்றேன். அவள் கிளாசை எட்டப் பிடித்தாள். "சரி, நான் குடிச்சுக் காட்டுறன்." வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். மீனாவது ஒன்றாவது. அருமையாக இருந்தது.

"நல்லது," என்றாள். "இப்ப உங்கட சைவமும் போச்சு."

பிறகு மேசையில் இருந்துவிட்டாள். சிரிப்பு போய்விட்டது. மகள் அழைக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் தண்ணியோட குளுசையைப் போடுறன். நீங்கள் குடிச்ச கிளாசை அவளுக்குக் காட்டுவம். குடிச்சு முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ."

அப்படிச் சொல்லியிருக்கலாம். மகள் நம்பியிருப்பாள். ஆனால் போன வருஷம் செருப்புக்குப் பக்கத்தில் நான் பிடித்திருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது.

"ஏலாது," என்றேன். "கொஞ்சம் பொறும்."

வேட்டிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். அங்கே இருப்பவர் ஒரு ஐரிஷ்காரக் கிழவர், நல்ல மனிதர். நித்திரை உடுப்போடு கதவைத் திறந்தார். பிளெண்டர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று உடனே எடுத்து வந்தார். அதில் இறைச்சி ஏதாவது அடித்ததுண்டா என்று கேட்டேன். கிழவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் மிகவும் பெருமையோடு, தன் நாய்க்குப் பல் இல்லை என்றும், தினமும் கோழியை இதில்தான் அரைத்துக் கொடுப்பதாகவும் சொன்னார். நாய் பின்னால் நின்று வாலை ஆட்டியது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"கிடைச்சுதோ?"

"நாய்க்கோழி."

மனைவி தலையில் கை வைத்தாள். பிறகு மெல்ல மாடிப்படியைப் பார்த்தாள். எனக்கு அவளுடைய பார்வை தெரியும்.

"என்ன மேல?"

"கட்டிலுக்குக் கீழ ஒண்டு கிடக்கு," என்றாள் மெதுவாக. "குடிபூரலுக்குக் குடுக்கவெண்டு வாங்கினது."

எங்கள் சனத்தின் வீட்டில் கட்டிலுக்குக் கீழே பார்த்தால் ஒரு கடையே இருக்கும். கலியாணம், பிறந்தநாள், புதுவீடு குடிபூரல் என்று கொடுப்பதற்காக மலிவில் வாங்கி வைத்த சாமான், எங்களுக்கு யாரோ கொடுத்து நாங்கள் திறக்காத சாமான். எதைத் தொட்டாலும், "அது குடுக்கிற சாமான், வையுங்கோ," என்பாள். நான் என் சொந்தக் கட்டிலுக்குக் கீழே கை நீட்டப் பயந்த மனிதன். இப்போது அவளே சொல்கிறாள். என் சித்தப்பாவின் மகன் புது வீடு வாங்கியிருந்தான். அவனுக்கென்று ஒரு கண்ணாடிப் பிளெண்டர், தங்க நிறக் கடதாசி சுற்றி, குஞ்சம் கட்டி, கட்டிலின் அடியில் காத்திருந்தது. மனிதக் கை படாத சாமான். அந்த வீட்டில் அதைவிடச் சுத்த சைவம் சாமி அறையில்கூட இல்லை.

தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துக் குஞ்சத்தை இழுக்கப் போனேன்.

"நில்லுங்கோ! மாசி குடிச்ச வாயோட, நாய்க்கோழி வீட்டுக்குப் போன காலோட, இதைத் தொடப் போறீங்களோ? போய் முழுகிப்போட்டு வாங்கோ!"

"இப்பதானே முழுகினனான்!"

"அது மாசிக்கு முதல்."

ஓடினேன். தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே கீழே போன் அடித்தது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் கேட்டேன்.

"அம்மா, குடிச்சிட்டீங்களோ?"

"இப்பதான் குடிக்கப் போறன், பிள்ளை. அப்பா முழுகிறார்."

"இன்னுமோ? அப்பா நாலு மணிக்கே எழும்பிற ஆளெல்லோ?"

"ரெண்டாந்தரம் முழுகிறார்."

"ரெண்டாந்தரமோ? ஏன்?"

"பக்தி கூடிப்போச்சு."

ஈரத் தலையோடு இறங்கி வந்தேன். வீடு குளிர்ந்து கிடந்ததால் ஒரு ஜம்பரை மேலே இழுத்துக்கொண்டேன். மனைவி போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, கடதாசி கிழியாமல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அவசரத்திலும் அந்தக் கடதாசியை மடித்து மேசை இலாச்சியில் வைத்தாள். நான் பிளெண்டரைக் கழுவி, பூசணியைப் போட்டு, பாலை விட்டு, பொத்தானை அமத்தினேன். ஓடவில்லை. திரும்ப அமத்தினேன். ஓடவில்லை. கூட வந்த புத்தகத்தை மகள் போனுக்குள் இருந்து வாசிக்கச் சொன்னாள். புத்தகம் வாசித்தா நான் கடை நடத்துகிறேன்? ஜாரைத் தூக்கி அடியைப் பார்த்தேன். ஒரு பூட்டுப் பல் இருந்தது. வைத்து ஒரு திருகு. உறுமிக்கொண்டு எழும்பியது.

"அங்க என்ன சத்தம்? புது மிசினோ?"

"ஓம்," என்றாள் தாய். "கொப்பர் எனக்கு வாங்கித் தந்தவர்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ஒரு அசைவு இல்லாமல் கிளாசை வாங்கி, போனுக்கு முன்னால் பிடித்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். மேலுதட்டில் மஞ்சள் கோடு. பிறகு குளுசை.

"வெரி குட், அம்மா," என்றாள் மகள். "அப்பா, ஏன் வேட்டியோட ஜம்பர் போட்டிருக்கிறீங்கள்?"

"பக்தி," என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையும் தவறவில்லை. ஒரு நாள் பேரிக்காயைக் கூட்டினேன், ஒரு நாள் கறுவாவைக் குறைத்தேன். கடைக்குப் பிந்திப் போனேன், போனால் என்ன, கடை என்னுடையது. மனைவி காலையில் குடித்தபிறகு பின்னேரம் வரைக்கும் துணி மடித்தாள், கந்தபுராணக் கதை கேட்டாள், என்னோடு சண்டையும் பிடித்தாள். போன வருஷம் சஷ்டியின் நடுவில் சண்டை பிடிக்கவே அவளிடம் பலம் இருக்கவில்லை.

சூரன்போர் அன்று ஆர்ச்வே மேட்டில் காற்று முகத்தை வெட்டியது. நடைபாதை முழுக்க நனைந்த இலை. உள்ளே சனம் நெருக்கியடித்து நின்றது. நான் ஒரு கதிரையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தேன். அவள் அதில் தன் கைப்பையை வைத்தாள். தான் இருக்கவில்லை. செருப்பு வைக்கிற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு முன்னால் நகர்ந்தாள். நான் அவளுடைய குளிர்கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மேளம் ஏறியது. யானைத் தலை விழுந்தது. சிங்கத் தலை விழுந்தது. சூரனின் சொந்தத் தலை வந்தபோது அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். தலை சுற்றுகிறதோ என்று குனிந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு மாமரம் வருகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை சூடாக இருந்தது.

"சேவல்!" என்றாள். "அங்க பாருங்கோ, சேவல்!"

நானும் பார்த்தேன். சின்னச் சேவல்தான். ஆனால் நல்ல சேவல்.

முடிந்தபிறகு அவளுடைய கூட்டாளிப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். போன வருஷம் விழப்பார்த்தவள் இந்த வருஷம் எப்படிக் கடைசி வரைக்கும் நின்றாள் என்று கேட்டார்கள்.

"மனிசன் காலமையில ஏதோ அடிச்சுத் தந்தவர்," என்றாள்.

ஏதோ! நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். எந்தப் பூசணி, ஏன் சுட வேண்டும், பேரிக்காய் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் வாசலில், அந்தக் குளிரில், ஒருவரும் போகாமல் நின்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் முதல் ஜாரைப் பாருங்கள் என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் மனைவி தொண்டையைச் செருமினாள்.

குடிபூரலுக்கு வேறொரு பிளெண்டர் வாங்கினோம். அதே தங்கக் கடதாசி, அதே குஞ்சம்.

விரதம் முடிந்த மறுநாள் பாறணைச் சாப்பாடு. மனைவி விடிய முன்னமே எழும்பி, முழுகி, சோறும் கறிகளுமாகக் குசினியை மணக்க வைத்துவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, தேத்தண்ணிக்குச் சீனி எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க என்ர பால்?"

"எந்தப் பால்?"

"பூசணிப்பால். நேரம் போகுதெல்லோ."

"விரதம் முடிஞ்சுதே! இவ்வளவு சோறும் கறியும் கிடக்கு."

"சோறு சோறுதான். அது வேற. எனக்குக் காலமையில அது இல்லாமல் இனி ஏலாது."

நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. ஆனால் நான் சட்டம் மறக்காதவன். "இன்னும் முழுகேல்லை," என்றேன்.

அவள் அடுப்பில் இருந்து திரும்பாமலே சொன்னாள்: "இண்டைக்குக் கையைக் கழுவினால் காணும். கெதியா அடியுங்கோ."